காட்டுக்கோயிலின் ஒளி: லஸ் பிரகாச மாதா ஆலயமும் அதன் இறைமக்களும்

ராயப்பேட்டை நெடுஞ்சாலை வழியாகச் செல்லும் பேருந்தில் நடத்துநர் "லஸ்! லஸ் இறங்கு!" என்று குரல் கொடுப்பதை நாம் தினமும் கேட்கிறோம். லஸ் கார்னரில் பூ வாங்குகிறோம், காய்கறி வாங்குகிறோம், ஆட்டோ பிடிக்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நம்மில் எத்தனை பேர் நின்று யோசித்திருக்கிறோம்? 'லூஸ்' என்பது போர்த்துக்கீசிய மொழிச் சொல். அதன் பொருள் 'ஒளி'. சாதி, சமயம் பாராமல் இந்நகரத்து மக்கள் அனைவரும் நாள்தோறும் ஒளி என்ற சொல்லைத் தம்மை அறியாமலேயே உச்சரித்துக் கொண்டிருக்கிறார்கள். இந்தப் பெயரை ஒரு கடைவீதிக்குக் கொடுத்தது அருகிலுள்ள ஒரு சிறிய ஆலயம். அதுவே லஸ் பிரகாச மாதா ஆலயம். மக்கள் வழக்கில் காட்டுக்கோயில்.

இறையேசுவில் அன்புக்குரியவர்களே, ராயப்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் வாழும் நமக்கு இந்த ஆலயம் புதிதல்ல. நம்மில் சிலருக்கு இது பங்கு ஆலயம். வேறு சிலருக்கு, பங்கு வேறாக இருந்தாலும், திருமணத்திற்கும் நவநாளுக்கும் நேர்த்திக்கடனுக்கும் தேடி வரும் அன்னையின் இல்லம். நன்கு தெரிந்ததாலேயே நாம் அதைக் கூர்ந்து பார்க்கத் தவறிவிடுகிறோம். எனவே இந்த ஆலயத்தின் வரலாற்றையும், அந்த வரலாறு இன்று நம்மிடம் கேட்கும் கேள்விகளையும் இக்கட்டுரையில் சேர்ந்து சிந்திப்போம்.

ஒளியைப் பின்தொடர்ந்தவர்கள்

இந்த ஆலயத்தைப் பற்றி நம் முன்னோர்கள் சொல்லிவந்த மரபுக் கதை எளிமையானது. நடுக்கடலில் திசை தெரியாமல் தத்தளித்த போர்த்துக்கீசிய மறைபரப்பாளர்கள் அன்னை மரியாவிடம் கரை சேர்க்குமாறு மன்றாடினார்கள். அப்போது தொலைவில் ஓர் ஒளி தெரிந்தது. அதைக் குறியாக வைத்துக் கப்பலைச் செலுத்திக் கரை சேர்ந்தார்கள். இறங்கிய பிறகும் ஒளி மறையவில்லை. அதைத் தொடர்ந்து காட்டுக்குள் நடந்தார்கள். ஓரிடத்தில் அது மறைந்தது. அங்கே ஒளியின் அன்னைக்கு ஓர் ஆலயம் எழுப்பினார்கள். 'நொஸ்ஸ செஞோரா த லூஸ்', அதாவது 'ஒளியின் நம் அன்னை' என்று அதற்குப் பெயரிட்டார்கள். தமிழில் அவரே பிரகாச மாதா ஆனார்.

இன்று கடற்கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே, கடைகளும் அடுக்குமாடிக் கட்டடங்களும் சூழ்ந்த இடத்தில் நிற்கும் ஆலயத்தைக் 'காட்டுக்கோயில்' என்று அழைப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பெயர் ஒரு சாட்சியம். ஒரு காலத்தில் இவ்விடம் மரங்கள் அடர்ந்த, ஆள் நடமாட்டம் குறைந்த நிலமாக இருந்தது என்பதை ஊர் மக்களின் நினைவு அந்தச் சொல்லில் பொதிந்து வைத்திருக்கிறது. காடு போய்விட்டது. பெயர் போகவில்லை.

ஒளியின் அன்னை மீதான பக்தியும் இங்கே பிறந்ததல்ல. போர்த்துக்கல் நாட்டில் லிஸ்பன் நகரை ஒட்டிய கார்னித் என்னும் ஊரில் 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்பெயரில் அன்னை வணங்கப்பட்டு வந்தார். வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்டிருந்த ஒரு மனிதர் அன்னையின் உதவியால் விடுதலை பெற்று ஊர் திரும்பியதாக அங்குள்ள மரபு கூறுகிறது. வீட்டை விட்டு வெகு தொலைவில் சிக்கியவர்களின் மன்றாட்டாக இருந்த அந்தப் பக்தியைக் கடலோடிகள் தங்களோடு கொண்டு வந்ததில் வியப்பில்லை.

கல்வெட்டு சொல்லும் ஆண்டு

ஆலயத்திலுள்ள கல்வெட்டு, பிரான்சிஸ்கன் சபைத் துறவி பேத்ரோ த அத்தோங்கியா என்பவர் 1516-ஆம் ஆண்டு இவ்வாலயத்தைக் கட்டியதாகக் குறிப்பிடுகிறது. இதைக் கொண்டுதான் இந்தியாவிலுள்ள மிகப் பழைய ஐரோப்பியக் கட்டடங்களில் ஒன்றாக லஸ் ஆலயம் எண்ணப்படுகிறது. சென்னை நகரம் 1639-ஆம் ஆண்டு தொடங்குகிறது. கோட்டைக்குள் உள்ள புனித மரியா ஆலயம் 1680-இல் திறக்கப்பட்டது. அப்படியானால் காட்டுக்கோயில் சென்னைப் பட்டினத்தைவிட 123 ஆண்டுகள் மூத்தது. கல்வெட்டுக் கணக்கின்படி 2016-இல் ஆலயத்துக்கு 500 ஆண்டுகள் நிறைவடைந்தன.

ஆனால் வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் இந்த ஆண்டைக் குறித்து ஐயம் எழுப்பியுள்ளனர் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். போர்த்துக்கீசியர் மயிலாப்பூருக்கு வந்ததாகப் பதிவாகியுள்ள முதல் பயணம் 1517-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தியோகோ பெர்னாந்தஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் ஆர்மீனிய வணிகர் ஒருவரின் வழிகாட்டுதலில் பழவேற்காட்டிலிருந்து வந்து, புனித தோமையாரின் கல்லறை இருந்த பழைய இல்லத்தைப் பார்த்தார்கள். முதல் வருகையே 1517 என்றால், 1516-இல் ஓர் ஆலயம் எப்படி எழுந்திருக்க முடியும் என்பது அவர்களுடைய கேள்வி. இப்போதுள்ள கட்டடம் சில பத்தாண்டுகள் பிந்தியது என்று கருதுவோரும் உண்டு.

மறுபுறம், அரசு ஆவணங்களில் பதிவாவதற்கு முன்பே துறவிகள் ஓரிடத்திற்குச் சென்று சேர்வது மறைபரப்பு வரலாற்றில் புதிதல்ல. 1500-ஆம் ஆண்டு கப்ராலின் கப்பல்களில் பிரான்சிஸ்கன் துறவிகள் கள்ளிக்கோட்டைக்கு வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நிகழ்ந்த மோதலில் அவர்களில் சிலர் கொல்லப்பட்டனர். எஞ்சியவர்கள் கொச்சி சென்றனர். அத்துறவிகளோடு லஸ் ஆலயத்தின் தொடக்கத்தை இணைத்துப் பேசும் மரபும் நம்மிடையே உண்டு.

இந்த ஐயத்தைக் கேட்டு நாம் மனம் கலங்க வேண்டியதில்லை. ஓர் ஆலயத்தின் புனிதம் அதன் தொடக்க ஆண்டில் அடங்கியிருப்பதில்லை. ஒரு பாட்டியின் வயது 90-ஆ 95-ஆ என்று வீட்டில் வாதம் நடக்கலாம். அதனால் அவர் பாட்டி இல்லை என்று ஆகிவிடுமா? நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது "கல்வெட்டு இப்படிச் சொல்கிறது, ஆய்வாளர் சிலர் இப்படிச் சொல்கிறார்கள், மரபு இப்படிச் சொல்கிறது" என்று மூன்றையும் பிரித்துச் சொல்வோம். உண்மையைக் கண்டு அஞ்சாத விசுவாசமே வளர்ந்த விசுவாசம்.

கப்பலுக்கு முன்பே வந்த ஒளி

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. போர்த்துக்கீசியக் கப்பல்கள் வந்த பிறகுதான் இம்மண்ணுக்குக் கிறிஸ்துவின் ஒளி வந்தது என்று நினைப்பது தவறு. புனித தோமையார் மயிலாப்பூரில் போதித்து, கி.பி. 72-இல் மறைசாட்சியாக மரித்தார் என்பது தொன்மையான மரபு. வெனிஸ் பயணி மார்க்கோ போலோ 1290-களில் இப்பகுதியைப் பற்றி எழுதும்போது, தோமையாரின் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் திருப்பயணம் வந்ததையும், நோயாளிகளுக்கு மருந்தாக அங்குள்ள மண்ணை எடுத்துச் சென்றதையும் குறிப்பிடுகிறார். போர்த்துக்கீசியர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே சமயம் கடந்த ஒரு வழிபாடு இருந்தது என்பதை இது காட்டுகிறது. பரங்கிமலையில் 1547-இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையில் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துகள் காணப்படுகின்றன. அதுவும் ஐரோப்பியருக்கு முந்தைய கிறிஸ்தவர்களின் தடயமே.

ஆகவே காட்டில் தெரிந்த ஒளியின் கதையை நாம் இப்படியும் தியானிக்கலாம். ஒளி கப்பலில் இருந்து இறங்கவில்லை. கரையில் ஏற்கெனவே எரிந்து கொண்டிருந்தது. வந்தவர்கள் அதைக் கண்டு, அதைப் பின்தொடர்ந்தார்கள். ஒளியைக் கொடுத்ததாக அல்ல, ஒளியால் வழிநடத்தப்பட்டதாகவே அவர்களைப் பற்றிய கதை சொல்கிறது. மறைப்பணி செய்யும் எவருக்கும் இது ஒரு நல்ல பாடம்.

அரசர்களின் ஆதரவும் அதன் விலையும்

1520-களில் சாந்தோமில் போர்த்துக்கீசியக் குடியேற்றம் வளரத் தொடங்கியது. 1523-இல் தோமையாரின் கல்லறை இருந்த பழைய இடத்தில் ஆலயப் பணிகள் நடந்தன. 1545-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் மயிலாப்பூரில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கி, தோமையாரின் கல்லறையருகே செபத்தில் நேரம் செலவிட்டு, கிழக்கு நாடுகளுக்குப் போவதா என்று இறைத்திருவுளத்தைத் தேடினார். அவர் இங்கிருந்துதான் மலாக்காவுக்குப் புறப்பட்டார்.

1606-ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் பவுல், மயிலாப்பூர் புனித தோமையார் மறைமாவட்டத்தை நிறுவினார். இங்கே நம்மில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் நாடு ஸ்பெயின் அரசர்களின் ஆட்சியில் இருந்தது. எனவே நமது மறைமாவட்டம் உருவாக வேண்டுகோள் விடுத்த அரசர், ஸ்பெயின் நாட்டு மூன்றாம் பிலிப்பு! முதல் ஆயர் அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த செபஸ்தியாவோ த சாவோ பேத்ரோ. லஸ் பகுதியில் நாம் அறிந்த மருத்துவமனை ஒன்று தாங்கியிருக்கும் புனித இசபெல் என்ற பெயரும், ஸ்பெயினின் அரகோன் அரச குலத்தில் பிறந்து போர்த்துக்கல் அரசியாகி, கணவர் இறந்த பின் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் வாழ்ந்த ஒரு புனிதையின் பெயரே.

அரசர்கள் ஆயர்களை முன்மொழிந்து, ஆலயங்களுக்குப் பொருள் உதவி செய்த இந்த ஏற்பாட்டுக்குப் 'பதுரவாதோ' என்று பெயர். அதனால் ஆலயங்கள் எழுந்தன, குருக்கள் வந்தார்கள். ஆனால் அரசனின் தோள் மீது ஏறி நின்ற திருச்சபை, அரசன் தடுமாறியபோது தானும் தடுமாறியது. 1662-இல் கோல்கொண்டா படைகள் சாந்தோமைக் கைப்பற்றின. 1672 முதல் 1674 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. பின்னர் நகரின் மதில்கள் இடிக்கப்பட்டன. 1749-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். 1780-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறநகர்கள் வரை வந்து சென்றது. கொடிகள் மாறின. ஆட்சியாளர் மாறினர். காட்டுக்கோயிலில் விளக்கேற்ற மட்டும் யாரோ ஒருவர் வந்துகொண்டே இருந்தார். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயம் அனுப்பிய குருக்களுக்கும், போர்த்துக்கீசிய அதிகாரத்துக்கு உட்பட்ட குருக்களுக்கும் இடையே அதிகார வரம்பு குறித்துப் பல தலைமுறைகளாகப் பூசல் இருந்தது. ஒரே நகரத்தில் மதராஸ் உயர்மறைமாவட்டம் ஒன்று, மயிலாப்பூர் மறைமாவட்டம் இன்னொன்று என்று இரண்டு ஆட்சிகள் இருந்தன. 1950-இல் திருப்பீடமும் போர்த்துக்கல் அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி போர்த்துக்கல் தன் முன்மொழியும் உரிமையைக் கைவிட்டது. 1952-ஆம் ஆண்டு இரண்டும் இணைந்து மதராஸ்-மயிலாப்பூர் உயர்மறைமாவட்டம் உருவானது. பேராயர் லூயிஸ் மத்தியாஸ் அதன் முதல் பேராயரானார். இன்று நாம் ஒரே மறைமாவட்டத்தின் மக்களாக இயல்பாக வாழ்கிறோம். நம் தாத்தாக்களுக்கு அது இயல்பாக இருக்கவில்லை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

அமெரிக்காவின் ஸ்பானிய மிஷன் ஆலயங்கள்

நமது ஆலயத்தைப் போன்றே கடல் கடந்து வந்த துறவிகள் எழுப்பிய ஆலயங்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்பானிய மிஷன் ஆலயங்கள் புகழ் பெற்றவை. 1769 முதல் 1823 வரை பிரான்சிஸ்கன் துறவிகள் அங்கே 21 மிஷன்களை நிறுவினார்கள். முதலாவது சான் தியேகோ. பணியைத் தொடங்கியவர் புனித ஹுனிப்பெரோ செர்ரா. லஸ் ஆலயத்தைக் கட்டியவரும் கலிபோர்னியாவில் கட்டியவர்களும் ஒரே அசிசி பிரான்சிசின் பிள்ளைகள் என்பது குறிப்பிடத்தக்கது.

1776-இல் நிறுவப்பட்ட சான் ஹுவான் கப்பிஸ்திரானோவின் பெரிய கல் ஆலயம் 1812 டிசம்பர் 8-ஆம் நாள், திருப்பலி நேரத்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இடிந்து, சுமார் 40 பேர் மாண்டனர். 1771-இல் நிறுவப்பட்ட சான் காபிரியேல் ஆலயத்தின் மரக்கூரை 2020 ஜூலையில் தீக்கிரையானது. ஆனால் அந்தப் பங்கு மக்கள் கலைந்து போகவில்லை. கூரை திரும்ப எழுந்தது. கூரை எரிந்த பின்னும் பங்கு இருந்தது என்பதே அங்குள்ள செய்தி.

அந்த ஆலயங்களின் வரலாற்றில் வேதனையான பக்கமும் உண்டு. மிஷன்களில் சேர்ந்த பூர்வகுடி மக்கள் விரும்பியபடி வெளியேற முடியாமல் கட்டுப்படுத்தப்பட்டனர், தண்டிக்கப்பட்டனர், புதிய நோய்களால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ், செர்ராவைப் புனிதராக அறிவித்தபோது பூர்வகுடி மக்களில் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே ஆண்டு பொலிவியாவில், காலனி ஆட்சிக் காலத்தில் பூர்வகுடி மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுக்காகத் திருத்தந்தை மன்னிப்புக் கேட்டதையும் நாம் அறிவோம்.

மயிலாப்பூரின் கதை கலிபோர்னியாவின் கதை அல்ல. இங்கே போர்த்துக்கீசியர் ஒரு கடற்கரைக் குடியேற்றத்தை மட்டுமே வைத்திருந்தனர். ஆனால் பாடம் ஒன்றே. நம் ஆலயத்தின் பழமையைப் பெருமையாகப் பேசும்போது, எவரும் இழந்ததையும் எவரும் அடக்கப்பட்டதையும் மூடி மறைக்கும் பெருமையாக அது இருக்கக் கூடாது. நன்றியும் மனத்தாழ்மையும் சேர்ந்தே வரட்டும்.

தமிழான விசுவாசம்

வந்தவர்கள் ஒளியை மட்டுமா விட்டுச் சென்றார்கள்? நம் வீட்டுச் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியம் வழி வந்த சொற்களே. நாம் 'பாதிரியார்' என்பதும், உயிர்ப்புப் பெருவிழாவைப் 'பாஸ்கா' என்பதும் அப்படி வந்தவையே. அதே நூற்றாண்டில் அண்ட்ரிக் அடிகளார் தமிழைக் கற்று, 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழி எழுத்துகளில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. விசுவாசம் தமிழ் பேசத் தொடங்கியது.

ஆனாலும் பீடத்தில் வழிபாட்டு மொழி இலத்தீனாகவே நீடித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை வெளியிட்ட பிறகே திருப்பலி முழுமையாகத் தமிழுக்கு வந்தது. ஏறத்தாழ 450 ஆண்டுகள் புரியாத மொழியில் பூசை கண்டு, புரிந்த மொழியில் செபமாலை சொல்லி வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். அவர்களுடைய பொறுமை நமக்குச் சொத்து. இன்று நமக்கு எல்லாம் புரிகிறது. ஆனால் கவனம் இருக்கிறதா? நமது மொழியிலேயே வாசகம் வாசிக்கப்படும்போது நம் கை அலைபேசியைத் தேடுகிறதே!

இன்றைய இறைமக்கள்

பழைய ஆலயங்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. அவை அருங்காட்சியகம் ஆகிவிடலாம். மக்கள் வந்து படம் எடுப்பார்கள், ஆண்டைப் படிப்பார்கள், போய்விடுவார்கள். மற்றோர் ஆபத்தும் உண்டு. திருமணப் படங்களுக்கு அழகான பின்னணியாக மட்டும் அவை நின்றுவிடலாம். இவற்றிலிருந்து ஓர் ஆலயத்தைக் காப்பது அதன் பங்கு மக்கள் மட்டுமே.

நம் பகுதியின் நிலை நமக்குத் தெரியும். ராயப்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. வாடகை ஏறிவிட்டது. மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் இருந்த நம் குடும்பங்கள் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் பெரும்பாக்கத்துக்கும் போய்விட்டன. அண்மை ஆண்டுகளில் மெட்ரோ இரயில் பணிகளுக்காக லஸ் சந்திப்பில் தடுப்புகள் வைக்கப்பட்டு, முதியவர்கள் ஆலயம் வந்து சேர்வதே சிரமமானது. ஞாயிறு திருப்பலிக்கு நாம் அருகருகே அமர்கிறோம். ஆனால் பக்கத்தில் இருப்பவர் எந்தத் தெருவில் வாழ்கிறார் என்பது பல நேரங்களில் நமக்குத் தெரிவதில்லை. அன்பியக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எப்போதும் அதே பத்துப் பேர்தான் என்ற குறையும் நம்மிடம் உண்டு.

அதே வேளையில் மகிழ்ச்சியூட்டும் காட்சிகளும் உள்ளன. தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கும் இளைஞர்கள், வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள், மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்கள் என்று புதியவர்கள் வருகிறார்கள். வீட்டை விட்டு வெகு தொலைவில் இருக்கிற அவர்களுக்குத்தான் ஒளியின் அன்னை முதலில் சொந்தம். கடலில் தத்தளித்தவர்களின் ஆலயம் அல்லவா இது! அவர்களில் ஒருவர் கடைசி வரிசையில் தனியாக நின்றுவிட்டு, யாரும் பெயர் கேட்காமலேயே திரும்பிப் போனால், நாம் 500 ஆண்டுப் பெருமை பேசுவதில் என்ன பயன்?

பிற சமயச் சகோதரர்களும் இங்கே வருகிறார்கள். அலுவலகம் போகும் வழியில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகும் இந்து சகோதரியை நாம் பார்த்திருக்கிறோம். இந்த ஆலயத்துக்குச் 'சர்ச்' என்றல்ல, 'கோயில்' என்று பெயர் நிலைத்ததே அக்கம்பக்கத்தாரின் உரிமையைக் காட்டுகிறது. மார்க்கோ போலோ கண்ட அதே காட்சி இன்றும் தொடர்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் கதவை நாம் குறுக்கிவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

வெறும் உணர்ச்சியோடு நின்றுவிடாமல், பங்கு மக்களாக நாம் செய்யக்கூடிய சிலவற்றை இங்கே முன்வைக்கிறோம். இவை லஸ் ஆலயத்துக்கு மட்டுமல்ல, பழைய ஆலயம் உள்ள எல்லாப் பங்குகளுக்கும் பொருந்தும்.

முதலாவது, கட்டடத்தை அதன் இயல்பறிந்து பேணுவது. அக்கால ஆலயங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்டவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்பு பூத்து, காரை உதிரும். நேர்த்திக்கடனாக ஒருவர் பளபளக்கும் ஓடு பதிக்க முன்வந்தாலும், பழைய தரைக்கும் கல்லறைக் கற்களுக்கும் அது கேடு செய்யுமா என்று பாரம்பரியக் கட்டடம் அறிந்தவர்களைக் கேட்டபின் முடிவு செய்வோம். நல்லெண்ணத்தால் அழிந்த பழமை இடிபாட்டால் அழிந்ததைவிட அதிகம்.

இரண்டாவது, நினைவுகளைச் சேகரிப்பது. 1952-க்கு முந்தைய பங்கு வாழ்வை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. இலத்தீன் பூசைக்கு உதவிய சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். மறைக்கல்வி மாணவர்கள் அவர்களிடம் சென்று, கேட்டு, எழுதி வைக்கட்டும். பழைய திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் பூச்சியரிக்காமல் காக்கப்படட்டும். ஏழை எளியோரின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை, பதிவேட்டில் உண்டு.

மூன்றாவது, வெளியேறிய குடும்பங்களோடும் புதிதாக வந்தவர்களோடும் தொடர்பு கொள்வது. புறநகர் சென்றவர்கள் திருவிழாவுக்கு மட்டும் வரும் விருந்தினராக மாறிவிட வேண்டாம். புதியவரிடம் "எந்த ஊர் தம்பி? சாப்பிட்டாயா?" என்று ஒருவர் கேட்டாலே போதும். அது மறைப்பணியின் தொடக்கம்.

நான்காவது, அமைதி. எவ்வளவு இரைச்சலான சந்திப்பு லஸ்! அதன் அருகே சில நிமிடம் மௌனமாக அமர ஓர் இடம் இருப்பதே பெரிய கொடை. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து, ஆலயத்தின் அமைதியைக் காத்தால், அக்கம்பக்கத்தாரும் நமக்கு நன்றி சொல்வார்கள்.

மறைந்த இடத்தில் தங்கிய ஒளி

மரபுக் கதையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அந்த ஒளி கடைசியில் மறைந்துவிட்டது. அவர்கள் ஆலயம் கட்டியது ஒளி எரிந்துகொண்டிருந்த இடத்தில் அல்ல, ஒளி மறைந்த இடத்தில். ஒளி போய்விட்டதே என்று அவர்கள் திரும்பிச் செல்லவில்லை. இதுவரை நடத்திய இறைவன் இனியும் நடத்துவார் என்று நம்பி, அங்கேயே கல்லை நட்டார்கள்.

நம் வாழ்விலும் அப்படி நாள்கள் உண்டு. வேலை போன வீட்டில், நோயாளி படுத்திருக்கும் அறையில், பிள்ளை பேசாமல் போன பின்னிரவில், இதுவரை தெரிந்த ஒளி திடீரென்று காணாமல் போகிறது. அப்போது நாம் எங்கே நிற்கிறோம்? காட்டை விட்டு ஓடுகிறோமா? அல்லது அந்த இடத்திலேயே ஒரு சிறு விளக்கை ஏற்றுகிறோமா? கோல்கொண்டாவும் பிரெஞ்சும் ஆங்கிலமும் வந்து போன காலங்களில், பெயர் தெரியாத அந்த முன்னோர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால்தான் நமக்கு இன்று ஓர் ஆலயம் இருக்கிறது.

அடுத்த முறை பேருந்து நடத்துநர் "லஸ்!" என்று குரல் கொடுக்கும்போது, அந்தச் சொல்லின் பொருளை ஒரு கணம் நினைப்போம். இறங்கி, சாலையைக் கடந்து, முடிந்தால் ஐந்து நிமிடம் உள்ளே போய் அமர்வோம். வெளியே வரும்போது வாசலில் நிற்கும் ஒருவரிடமாவது நலம் விசாரிப்போம். காட்டுக்குள் தெரிந்த அந்த ஒளி, கூட்டத்துக்குள் தனித்து நிற்கும் ஒருவருக்கு நம் வழியாகத் தெரியட்டும். பிரகாச மாதாவின் பரிந்துரை நம் குடும்பங்களுக்கும், இந்நகரின் எல்லாச் சமயத்தாருக்கும் துணையாக இருப்பதாக.